கார்பஸ்: தமிழில் என்ன சொல்வது?

தொண்டு நிறுவனத்துக்கு முதன்முறை நிதி கொடுக்கப்போகிறவர் அதன் இருப்புநிலைக் குறிப்பை (பேலன்ஸ் ஷீட்) புரட்டும்போது ‘கார்பஸ் ஃபண்ட்’ என்ற வரியில்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார். “80 லட்சம் வைத்திருக்கிறார்களே, நம் பணம் எதற்கு?” என்று கோப்பை மூடிவிடுவார். அந்தப் பணத்தைப் பொதுவாகத் தொடக் கூடாது, அதிலிருந்து வரும் வட்டியை மட்டுமே செலவழிக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது.

கார்பஸ் லத்தீன் சொல், பொருள் ‘உடல்’. அறக்கட்டளைச் சட்டத்தில், வரும் வருமானத்தை விலக்கிவிட்டு முதல் தொகையை மட்டும் குறிக்க இந்தச் சொல் நிலைத்தது. நம் வருமான வரிச் சட்டத்திலும் அதே பொருள்தான். ‘இது கார்பஸில் சேர வேண்டும்’ என்று கொடுத்தவர் குறிப்பாகச் சொல்லியிருந்தால்தான் கார்பஸ் நன்கொடைக்கான வரிவிலக்கு உண்டு. வாங்கியவர் தாமாக அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டால் போதாது. கம்பெனிச் சட்டத்தின்கீழ் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம் கொடுப்பவர்களுக்கு இந்தக் கதவு 2021 ஜனவரி முதல் மூடியாயிற்று: கார்பஸுக்குக் கொடுத்தது சி.எஸ்.ஆர். செலவில் சேராது.

தமிழில் சிலர் ‘மூலதனம்’ என்கிறார்கள். அதில் முதலாளி வாசனை அடிக்கிறது. தொண்டு நிறுவனத்துக்கு உரிமையாளர் கிடையாது. ‘வைப்பு நிதி’ என்றாலோ பி.எஃப். தான் நினைவுக்கு வரும். என் ஓட்டு ‘மூலநிதி’க்கு. சொல் எதுவானாலும் கருத்து நமக்குப் பழையது. கோயில் விளக்குக்கு ஆடு விட்ட சோழர் காலக் கல்வெட்டுகள் அவற்றை ‘சாவா மூவாப் பேராடு’, அதாவது சாகாத, மூப்படையாத ஆடு, என்கின்றன. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. கிடைக்கும் நெய் விளக்கு எரிக்கப் போகும், மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. பொன்னாகக் கொடுத்தால் அதன் வட்டிக்குப் ‘பொலிசை’ என்று பெயர்.

இனி கணக்குக்கு வருவோம். மூலநிதி நன்கொடை பொதுவாக வரவு செலவுக் கணக்கில் ஏறாது. நேரே இருப்புநிலைக் குறிப்புக்குப் போய்விடும். வட்டி மட்டுமே வருமானமாகத் தெரியும். ஓர் எடுத்துக்காட்டு: மூலநிதி 80 லட்சம், குறிப்பிட்ட திட்டங்களுக்கென்று வந்தது 35 லட்சம், பொது நிதி 4 லட்சம். கூட்டினால் 1 கோடியே 19 லட்சம். ஆனால் வாடகைக்கும் சம்பளத்துக்கும் தன் விருப்பப்படி எடுக்கக்கூடியது அந்த 4 லட்சம்தான். மாதச் செலவு 3 லட்சம் என்றால் அடுத்த மாதமே இழுபறி.

அதோடு நிற்காமல் சொத்துப் பக்கத்தையும் பாருங்கள். மூலநிதி 80 லட்சம் என்று எழுதியிருக்க, அதற்கான ஃபிக்ஸட் டெபாசிட் 52 லட்சம்தான் இருக்கிறது என்று வையுங்கள். மீதி 28 லட்சம் எங்கே? கட்டடமாகியிருக்கலாம், அதற்கு நன்கொடையாளரின் கடிதத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் படியுங்கள். சம்பளத்துக்குக் கைமாற்றாகப் போயிருந்தால், எப்போது திருப்பி வைப்பார்கள் என்று அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.