இரண்டு சென்டர்களும் ஒரே உச்சவரம்பும்: என்எச்எல் சம்பள விதி

நம்ம ஊர்ப் புல்தரை ஹாக்கி இல்லை, இது வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி. அங்கே என்எச்எல் (தேசிய ஹாக்கி லீக்) அணிகள் இஷ்டத்துக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. 2004-05 சீசன் முழுக்கக் கதவடைப்பில் போன பிறகு, 2005-06 முதல் சம்பள உச்சவரம்பு வந்தது. அப்போது அணிக்கு 39 மில்லியன் டாலர், 2025-26-ல் 95.5 மில்லியன். முதலாளி எத்தனை பெரிய பணக்காரராக இருந்தாலும் இதே தொகைதான். அபராதம் கட்டிவிட்டுத் தாண்டும் வசதியும் கிடையாது.

கணக்கில் ஏறுவது அந்த வருடம் கையில் கொடுத்த பணம் அல்ல, ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி. ஒரே வீரருக்கு உச்சவரம்பில் 20 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது.

சரி, சென்டர், அதாவது முன்வரிசையின் நடு ஆட்டக்காரர், ஏன் விலை கூடியவர்? நடுவர் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) போடும்போது எதிரணியோடு மல்லுக்கு நிற்பவர் அவர்தான். தாக்கும்போது பாஸ் அவர் வழியாகப் போகும். தற்காப்பில் முதல் ஆளாகத் திரும்பி ஓட வேண்டியவரும் அவரே. ஒருவர் இருந்தால் போதாது, மாற்றி மாற்றி இறங்கும் இரண்டாவது வரிசைக்கும் நல்ல சென்டர் வேண்டும்.

எட்மன்டன் ஆயிலர்ஸிடம் அப்படி இரண்டு பேர். கானர் மெக்டேவிட் ஆண்டுக்கு 12.5 மில்லியன். லியோன் டிரைசைட்ல் 8.5-இல் இருந்தார், 2025-26 முதல் 14. ஆக 26.5 போய்விட்டால் மிச்சம் 69 மில்லியன். 23 பேர் கொண்ட அணியில் மற்ற 21 பேரும் அதற்குள் அடங்க வேண்டும்.

இந்த நெருக்கடியில் அடி விழுவது நட்சத்திரத்துக்கு அல்ல, அப்போதுதான் தலைதூக்கும் இளைஞர்களுக்கு. அதற்கு வழிசெய்யும் ஒரு விதி இருக்கிறது. இளம் வீரரின் ஒப்பந்தம் முடிந்தாலும் உரிமை பழைய அணியிடமே இருக்கும். ஆனால் வேறொரு அணி அவரிடம் 'ஆஃபர் ஷீட்' (ஒப்பந்த அழைப்பு) நீட்டலாம். பழைய அணி ஏழு நாளுக்குள் அதே தொகையைத் தர ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆளை விட்டுவிட்டு டிராஃப்ட் தேர்வுகளை (புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகளை) ஈடாக வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை தேர்வு, எந்தச் சுற்று என்பது சம்பளப் படிநிலையைப் பொறுத்தது.

2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் செய்ததைப் பாருங்கள். எட்மன்டனின் இளம் வீரர் பிலிப் பிராபர்க்குக்கு ஆண்டுக்கு 45,80,917 டாலர், டிலன் ஹாலோவேக்கு 22,90,457 டாலர். சில்லறை வரைக்கும் எழுதியிருப்பதில் விஷயம் இருக்கிறது: இரண்டும் அந்தந்தப் படியின் கடைசி டாலர். ஒரு டாலர் கூட்டியிருந்தால் ஈடு அடுத்த படிக்கு ஏறியிருக்கும். எட்மன்டன் இருவரையும் விட்டது. கைக்கு வந்தது ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும். அடுத்த சீசனில் ஹாலோவே மட்டும் 26 கோல் அடித்தார். என்னைக் கேட்டால், ஹாலோவேயையாவது பிடித்து வைத்திருக்கலாம்.

அப்புறம், 2025 அக்டோபரில் மெக்டேவிட் மீண்டும் கையெழுத்திட்டார். 2026-27-க்கு 104 மில்லியன் உச்சவரம்பு என்று முன்பே அறிவித்திருந்தார்கள். 20 சதவீத விதிப்படி பழைய தொகையைவிட நிறையவே கேட்டிருக்கலாம். அவர் பழைய 12.5-க்கே சம்மதித்தார், ஆனால் இரண்டே வருடத்துக்கு. 2028 கோடையில் எட்மன்டன் மறுபடி அவர் முன்னால் உட்கார வேண்டும்.