வெண்புள்ளி எல்லாம் காந்தமல்ல: ஒற்றை நானோ துகளை அளப்பது எப்படி?

மேக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) நானோ துகள்களைக் குப்பியோடு அளந்தால் கிடைப்பது கோடிக்கணக்கான துகள்களின் சராசரி. ஒரே ஒரு துகளை அளக்க, 1987-ல் அறிமுகமான காந்தவிசை நுண்ணோக்கி உதவும். அதன் கான்டிலீவர் (ஒருமுனை மட்டும் பிடித்த மெல்லிய தகடு) நுனியில் கோபால்ட்-குரோமியம் பூசிய சிலிக்கான் ஊசி, நொடிக்குச் சுமார் 75,000 முறை அதிரும். ஒவ்வொரு வரியையும் ஊசி இருமுறை கடக்கும். முதல்முறை மேடுபள்ளத்தைத் தட்டிப் பதியும். மறுமுறை அதே மேடுபள்ளத்தை 20 முதல் 50 நானோமீட்டர் மேலே நின்று பின்தொடரும். துகள் ஈர்த்தால் அதிர்வின் கட்டம் (அதிர்வுச் சுழற்சியில் ஊசி இருக்கும் நிலை) பின்தங்கி, படத்தில் கரும்புள்ளி விழும்.

10 நானோமீட்டர் மேக்னடைட் துகளின் காந்தத் திருப்புத்திறன் (காந்த வலிமையின் அளவு) ஏறத்தாழ 27,000 போர் மேக்னட்டான் (அணு அளவிலான காந்த அலகு). கேட்கப் பெரிதுதான், ஆனால் அது தரும் கட்ட மாற்றம் பெரும்பாலும் ஒரு டிகிரிகூட வராது. ஊசியையும் துகளையும் இருமுனைகளாக (வட-தென் முனையுள்ள சிறு காந்தங்களாக) கொண்டால், மையத்துக்கு மையம் தொலைவு இரட்டித்ததும் சைகை 32-ல் ஒரு பங்காகிவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை நிலைமின் விசை. துகளின் மேல் ஏறும்போது ஊசி அடித்தளத்திலிருந்து துகளின் உயரம் அளவுக்குக் கூடுதலாக விலகுகிறது. அடித்தளத்தின் மின் ஈர்ப்பு அங்கே குறைவதால் வெண்புள்ளி தோன்றும். காந்தமே இல்லாத தங்கத் துகளும் இப்படித் தெரியும். உண்மையான காந்த ஈர்ப்பு இதற்குள் மறைந்தும் போகும். வெண்புள்ளியை 'காந்த விலக்கம்' என்று எழுதிவிடுவது இதில் அடிக்கடி நேரும் பிழை.

ஊசியின் காந்தத் திசையைத் திருப்பி இரு படங்களைக் கழித்தால் தீராதா? 10 நானோமீட்டரில் தீராது. அறை வெப்பநிலையில் இத்துகளின் காந்தத் திசை வெப்பத்தால் ஓயாமல் புரள்கிறது. மேக்னடைட்டில் அது நிலைத்து நிற்கக் கிட்டத்தட்ட 25 நானோமீட்டர் விட்டம் வேண்டும். புரளும் துகளை ஊசியின் புலமே தன் பக்கம் திருப்பிவிடும். ஊசியைத் திருப்பினால் துகளும் கூடவே திரும்பும். இரு படங்களிலும் ஒரே ஈர்ப்பு, கழித்தால் சுழியம்!

ஆகவே காந்தமேற்றிய ஊசியால் ஒரு படம், அதே ஊசியைக் காந்தநீக்கம் செய்து இன்னொரு படம் எடுத்துக் கழிக்க வேண்டும். ஊசியை மாற்றினால் கூர்மையும் அதிர்வும் மாறும், கழித்தலுக்குப் பொருளில்லை. மின்கடத்தும் சிலிக்கான் மீது துகள்களைப் பரப்பி, ஊசிக்குச் சிறு ஈடுசெய் மின்னழுத்தம் கொடுத்தால் நிலைமின் பங்கு முன்கூட்டியே குறையும்.

துகள்களை ஒன்றுக்கொன்று விலகி விழும்படி நன்றாக நீர்த்துப் பரப்புங்கள். துகள்கள் ஒட்டாதிருக்கப் பூசிய ஓலிக் அமிலத்தின் மிச்சத்தை எத்தனாலில் கழுவுங்கள். அது ஊசியில் ஒட்டிக்கொண்டால் கட்டம் தாறுமாறாக அலையும். விட்டத்தைப் படத்தின் உயரத்திலிருந்து மட்டும் எடுங்கள். பூச்சேறிய ஊசிமுனை துகளைவிடத் தடிமன்; அகலத்தில் தெரிவது பெரும்பாலும் ஊசியின் உருவம்தான்.