இடி தேவனின் மேளம்

ஜப்பானியத் தைக்கோ மேளக் கச்சேரிக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "காதில் கேட்டதைவிட நெஞ்சில் அதிர்ந்ததுதான் அதிகம். எப்படி?"

ஜப்பானியக் கவிஞரைக் கேட்டால், அது இடி என்பார். அவர்கள் மொழியில் இடி 'கமினரி', அதாவது கடவுளின் முழக்கம். ரைஜின் என்ற இடி தேவன் தன்னைச் சுற்றி மேளங்களை வளையமாக மாட்டிக்கொண்டு அடிக்கிறானாம். ஹைக்கூவில் இடி வந்தால் கோடைகாலம். மின்னல் வந்தால் இலையுதிர்காலம். மின்னலுக்குப் பெயர் 'இனசுமா', நெல்லின் துணை. மின்னல் பட்டுத்தான் கதிர் முற்றும் என்று நம்பினார்கள். மின்னல் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிணைத்து மண்ணுக்கு அனுப்புவது உண்மைதான். அதற்காக 'அன்றே சொன்னார்கள்' என்று கிளம்பிவிட வேண்டாம். நல்ல கவிதை, அவ்வளவுதான்.

சரி, மேளத்துக்கு வருவோம். கெயாகி மரத்தின் ஒரே அடித்துண்டைக் குடைந்து, ஆண்டுக்கணக்கில் காயவைத்து, இரு பக்கமும் மாட்டுத்தோலை இழுத்து ஆணி அடிக்கிறார்கள். ஆணி அடித்தபின் சுருதி மாற்ற வழியில்லை. அதனால் தோல் பின்னால் தளராமல் இருக்க, இழுத்துக் கட்டும்போதே அதன்மேல் ஏறி நின்று மிதிக்கிறார்கள். 712-இல் எழுதப்பட்ட 'கொஜிகி' என்ற ஜப்பானியப் புராண நூலில் குகைக்குள் ஒளிந்த சூரிய தேவியை வெளியே வரவழைக்க உசுமே என்ற தேவதை கவிழ்த்த தொட்டிமேல் ஏறி மிதித்து ஆடுகிறாள். பட்டறையில் மிதிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அவள் நினைவுதான்.

இனி எனக்குப் பிடித்த இடம். ஒரு தோலை அடித்தால் இரண்டு தோலும் அசைகின்றன. நடுவில் அடைபட்ட காற்று சேதி கொண்டுபோகிறது. அசைவு இரண்டு விதம். இரண்டு தோலும் ஒரே திசையில் போனால், உள்ளே காற்று சும்மா இங்குமங்கும் தளும்பும். வெளியே ஒரு பக்கம் காற்றைத் தள்ள, மறுபக்கம் இழுக்கும்; பாதி ஓசை தனக்குத்தானே அழிந்துபோகும். ஆற்றல் மெதுவாகவே கசிவதால் இந்தத் தாழ்ந்த அதிர்வு நெடுநேரம் நிற்கும். மாறாக, இரண்டும் ஒருசேர வெளியே புடைத்து உள்ளே ஒடுங்கினால் அடைபட்ட காற்று சுருள்வில்போல் எதிர்க்கும், அதிர்வெண் ஏறும். மேளமே மூச்சு விடுவதுபோல் எல்லாத் திசையிலும் காற்றைத் தள்ளும். ஓசை பெரிது, கையிருப்பை ஒரேயடியாகச் செலவழித்துவிட்டுச் சீக்கிரம் அடங்கும். இரண்டுமே தாழ்ந்த ஒலிகள். இவ்வளவு வலுவாக வந்தால் உடம்பும் கூடவே அதிரும்.

மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பும் கறுப்புச் சாந்து அதன் ஒலிகளை எப்படிச் சுருதிக்குக் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமன் 1920-இலேயே எழுதினார்.

தைக்கோ பாடம் முதலில் வாயால்தான். மர விளிம்பில் அடித்தால் 'கா'. தோல் அதிகம் அசையாது, மரம்தான் பேசும். நடுவில் அடித்தால் 'டொன்'. அந்த 'டொ' காற்றைத் தள்ளிவிட்டு அடங்கும் அசைவு என்றும், 'ன்' தளும்பிக்கொண்டே நிற்கும் அசைவு என்றும் எனக்குக் கேட்கிறது.