பத்தாம் படியில் உடைந்த பட்டியல்

நிறுவல் வழிகாட்டி ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் படி வரை ஒழுங்காக வந்த பக்கத்தில், பத்தாம் படிக்குரிய கட்டளைப் பெட்டி மட்டும் பட்டியலை விட்டு விலகி இடது ஓரத்தில் நின்றது. எழுதியவர் எல்லாப் படிகளிலும் கட்டளைக்கு முன் ஒரே அளவாக மூன்று இடைவெளிதான் விட்டிருந்தார். பிழையும் அதுவே. அந்தப் பக்கம் எழுதப்பட்டது மார்க்டவுனில், அதாவது சாதாரண உரையில் எளிய குறிகளை இட்டு வலைப்பக்கம் ஆக்கும் முறையில். அதில் ஒரு படியின் கீழ் வருபவை, அந்தப் படியில் எண்ணுக்குப் பின் வரும் முதல் எழுத்துக்கு நேர்கீழே தொடங்க வேண்டும். எண், புள்ளி, இடைவெளி என 9 வரை மூன்று இடங்கள் போதும், 10 என்று ஈரிலக்கம் ஆனதும் நான்கு தேவைப்படும்.

இதைவிடக் கவலை தருவது, எந்த எச்சரிக்கையும் வராமல் பக்கம் வெளியாகிவிட்டதுதான். மார்க்டவுனுக்குத் தவறான உரை என்று ஒன்றில்லை. புரியாததைச் சாதாரணப் பத்தியாக எடுத்துக்கொண்டு போய்விடும். அதுபோன்ற இன்னொரு குறிமுறையான ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் தலைப்பின் அடிக்கோடு தலைப்பைவிடக் குறுகினாலே எச்சரிக்கை வரும். பலருக்கு எரிச்சலூட்டும் அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தமானது.

ஜான் குரூபர் 2004-இல் மார்க்டவுனை வெளியிட்டபோது தந்த விளக்கம் பல இடங்களில் நெகிழ்வாக இருந்ததால், ஒவ்வொரு மென்பொருளும் அதைத் தன் போக்கில் புரிந்துகொண்டது. 2014-இல் அதைத் துல்லியமாக்கக் காமன்மார்க் என்ற வரையறை வந்த பிறகும் வேறுபாடுகள் முழுதும் நீங்கவில்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இரண்டு இடைவெளியுடன் சரியாகத் தெரியும் உள்பட்டியல், ஆவணத் தளங்களை உருவாக்கும் எம்கேடாக்ஸில் தட்டையாகிவிடும்; மார்க்டவுனை மாற்ற அது பயன்படுத்தும் பைத்தான்-மார்க்டவுன் என்ற மென்பொருள் நான்கு இடைவெளி கேட்கிறது. ஆகவே, எடிட்டரின் முன்னோட்டத்தை நம்பி ஒப்புதல் தருவதை நான் நிறுத்திவிட்டேன். தளத்தை உருவாக்கும் அதே மென்பொருளில் பக்கத்தைப் பார்த்த பின்னரே தருகிறேன்.

தலைப்புக்குப் பதிலாக வரியைத் தடித்த எழுத்தாக்குவதும் இப்படிக் கண்ணை ஏமாற்றுவதுதான்: பார்வைக்குத் தலைப்புபோல் இருந்தாலும் அது உள்ளடக்கப் பட்டியலில் வராது, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவரால் அதற்குத் தாவவும் முடியாது.

கட்டளைகளை, நிரல் என்று காட்டும் பேக்டிக் (`) குறிகளுக்குள் இடாமல் விடுவது இன்னும் மோசம். ஸ்ஃபிங்ஸ் போன்ற ஆவணம் உருவாக்கும் கருவிகள் வழக்கமான அமைப்பில், பத்திக்குள் வரும் இரட்டைக் கோட்டை (--) அச்சு அழகுக்காக ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். அதை நகலெடுத்துக் கட்டளைகளை இயக்கும் டெர்மினலில் ஒட்டுபவருக்குப் பிழைச்செய்தி வரும், காரணம் மட்டும் புரியாது.

அந்த வழிகாட்டியில் எல்லாப் படிகளுக்கும் நான்கு இடைவெளியாக மாற்றினேன். 99-ஆம் படி வரை அது தாங்கும்.