திரையில் பச்சை, குழிக்குள் என்ன?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலத்தில் இன்று தாமான் (குடியிருப்பு) வீடுகள் எழும்புகின்றன. அங்கே கட்டுமானப் பாதுகாப்பு அதிகாரியாக வேலை செய்கிறேன். சில வருடங்களாக எங்கள் சைட்டுக்கும் ஸ்மார்ட் கருவிகள் வந்துவிட்டன. எக்ஸ்கவேட்டரில் ஜிபிஎஸ், கான்கிரீட்டுக்குள் சென்சார், நெஞ்சில் மாட்டும் வாயு அளவி. எல்லாம் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். நல்ல கருவிகள்தான். அவற்றை எப்படி நம்பக் கூடாது என்பதை ஒரு மேன்ஹோல் ஓரத்தில் கற்றுக்கொண்டேன்.

புதிய கழிவுநீர்க் குழாயைப் பழைய மேன்ஹோலில் இணைக்கும் வேலை. இறங்கியவர் ஐம்பதைத் தாண்டியவர், தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். நான் போனபோது மேன்ஹோல் வாயில் ஒருவரும் இல்லை. சூப்பர்வைசர் கொட்டகை நிழலில் நின்று கைப்பேசியை நீட்டினார். "பாருங்க சார், எல்லாம் பச்சை. ஆக்சிஜன் 20.9."

வாங்கிப் பார்த்தேன். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் 10.42 என்று இருந்தது. அப்போது மணி 11.05. கருவி குழிக்குள் போனதும் சிக்னல் அறுந்திருக்கிறது. செயலியோ கடைசியாக வந்த எண்ணையே பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. 23 நிமிடமாக அவர் பார்த்தது குழிக்கு வெளியே இருந்த காற்றை!

ஓடிப்போய்க் குனிந்து, "அண்ணே, மேல வாங்க!" என்று கத்தினேன்.

"கொஞ்சம்தான் தம்பி பாக்கி. தலை மட்டும் கிறுகிறுன்னு இருக்கு."

ஏணியில் ஏறி வருவதற்குள் இரண்டு முறை நின்றுவிட்டார். சேறு படாமல் இருக்கக் கருவியை பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டிருந்தார். சென்சாரின் துளைகள் மூடிக் கிடந்தால் அலாரம் எப்படி அடிக்கும்? பையைக் கழற்றி, கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். அடியை நெருங்கும்போதே அலறியது. மேலே இழுத்துப் பதிவைப் பார்த்தால் ஆக்சிஜன் 18.6.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. விலை கூடிய கருவி, அழுக்காக்காதே என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். துளைகள் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை.

வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. கழிவுநீரிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு இன்னும் பொல்லாதது. முதலில் அழுகிய முட்டை போல நாறும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கும் நேரம்தான் மோசமான நேரம். காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும், சகதியைக் கிளறினால் புதிதாகக் கிளம்பும். அதனால் காலையில் குழியின் வாயில் கருவியைப் பிடித்துப் பார்த்த அளவு, வேலை தொடங்கியபின் செல்லாது.

இறங்குமுன் மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். வேலை முடியும்வரை உள்ளே காற்றடிக்கும் ப்ளோவர் ஓட வேண்டும். குழியின் வாயருகே ஓர் ஆள் நிற்க வேண்டும், தேநீருக்குக்கூட நகரக் கூடாது. இதற்கான பயிற்சியை நியோஷ் (தேசியத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார நிலையம்) நடத்துகிறது, ஆட்களை அனுப்புங்கள். அப்புறம் ஒன்று: கீழே ஒருவர் மயங்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்ற இறங்கி மாண்டவர்கள் நிறையப் பேர். குழிக்கு மேலே முக்காலியும் கயிறு இழுக்கும் வின்ச்சும் முன்பே பொருத்தி, இறங்குபவர் உடலில் பாதுகாப்பு வாரையும் மாட்டியிருந்தால் மேலிருந்தே இழுத்துவிடலாம்.

கான்கிரீட் சென்சாரிலும் இதே கதை. கம்பியோடு கட்டி உள்ளே விடும் அந்தச் சின்னப் பெட்டி வெப்பத்தைத்தான் அளக்கிறது. கைப்பேசியில் வரும் கான்கிரீட்டின் பலம், அந்தக் கலவையின் பழைய சோதனைகளை வைத்துப் போட்ட கணக்கு. கலவை மாறினால் கணக்கும் தப்பும். அந்த எண்ணை மட்டும் நம்பி, கான்கிரீட்டைத் தாங்கும் முட்டுக்களைப் பிரிக்காதீர்கள்.

தொழிலாளிகளுக்கும் ஒரு விஷயம். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தப்படி, உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலக உங்களுக்கு உரிமை உண்டு. சம்பளம் போய்விடுமே என்று பயந்து இறங்காதீர்கள்.

இப்போது மேன்ஹோல் வேலை இருக்கும் நாள்களில் காலையில் எல்லாரையும் கூட்டி, கருவிமேல் சோதனை வாயுவை விட்டு ஒருமுறை அலறவிடுகிறேன். வங்காளதேசத் தம்பிகள், இந்தோனேசியர்கள், நம் ஆட்கள் எல்லாருக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது. அந்த அண்ணன் முன்னால் வந்து நிற்பார். தன் முறை வந்ததும் கருவியைத் திருப்பி, துளைகளில் சேறு இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நெஞ்சில் மாட்டுகிறார்.