காதுக்குள் ஆடும் 12,000 பேர்

"சார், காதுக்குள்ள சில்வண்டு கத்துது. நேத்து ராத்திரியிலேருந்து நிக்கவே இல்ல."

பெர்லினிலிருந்து வந்த குரல்பதிவு இப்படித்தான் தொடங்கியது. அனுப்பியவன் பாம்பன் பையன். பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் இயற்பியல் படித்தவன், இப்போது அங்கே மேற்படிப்பில் இருக்கிறான். நண்பர்களோடு இண்டஸ்ட்ரியல் இசைக்கு ஆடுகிற கிளப் ஒன்றுக்குப் போயிருக்கிறான். இரவு பதினோரு மணிக்கு உள்ளே நுழைந்தவர்கள் விடிந்த பிறகுதான் வெளியே வந்திருக்கிறார்கள். "இரும்புப் பட்டறைக்குள்ள பாட்டுப் போட்ட மாதிரி இருக்கும் சார். நம்ம ஊர்ல போட்டுக்குத் தகடு அடிக்கிற சத்தம்தான். ஆனா கால் தானா ஆடுது. ஏன் சார் ஆடுது? இந்தக் கொய்ங் எப்ப போகும்?"

இரண்டு கேள்விகளும் ஒரே உறுப்பைப் பற்றியவை. அதனால்தான் பதிலை அவனுக்கு மட்டும் அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த இசை. 1976-இல் லண்டனில் த்ராபிங் கிரிஸ்டில் என்ற குழு தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயர் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ். இந்த வகை இசைக்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான். 1980-இல் மேற்கு பெர்லினில் உருவான ஐன்ஸ்டுர்ட்செண்டே நொய்பாவ்டன் குழு பழைய இரும்பையும் டிரில்லையும் மேடையேற்றியது. பெல்ஜியத்தின் ஃப்ரண்ட் 242 போன்றவர்கள் அந்தச் சத்தத்தோடு ஆடக்கூடிய தாளத்தைச் சேர்த்தார்கள். நான் நேரில் கேட்டதில்லை. ஆனால் படகு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை.

கால் ஏன் தானாக ஆடுகிறது? 2022-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு இவன் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறது. மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஆர்ஃபிக்ஸ் என்ற இருவர் குழு கச்சேரி செய்தது. இண்டஸ்ட்ரியலும் டெக்னோவும் கலந்து வாசிப்பவர்கள். பார்வையாளர்கள் சிலரின் தலையில் அசைவை அளக்கும் பட்டை கட்டியிருந்தார்கள். நொடிக்கு 8 முதல் 37 முறை மட்டும் அதிரும் மிகத் தாழ்ந்த ஒலியைத் தரும் சிறப்பு ஸ்பீக்கர்களை இரண்டரை நிமிடம் போடுவது, இரண்டரை நிமிடம் நிறுத்துவது என்று கச்சேரி முழுக்கச் செய்தார்கள். போட்டபோது மக்கள் ஏறக்குறைய 12 சதவீதம் அதிகமாக அசைந்தார்கள். அந்த ஸ்பீக்கர் ஓடுகிறதா இல்லையா என்பதையோ, தனியாகச் சோதித்துப் பார்த்தபோது, கேட்பவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அறிவுக்கு எட்டாத ஒன்று காலுக்கு எட்டியிருக்கிறது.

எட்டிய வழிகளில் ஒன்று காதிலேயே இருக்கலாம் என்று கருதுகிறார்கள். கத்தாழை மீனின் தலையைப் பிளந்தால் வெள்ளையாக ஒரு கல் கிடைக்குமே, எங்கள் கரைப் பிள்ளைகள் சேர்த்து வைத்து விளையாடும் கல், அது உட்காரும் பைக்கு சாக்யூல் என்று பெயர். மீனுக்கு அதுதான் முக்கியமான கேட்கும் உறுப்பு. நமக்கும் அந்தப் பை உண்டு. ஆனால் நம் உடலில் அது தலை சாய்வதையும் அசைவதையும் சொல்லும் வேலைக்குப் போய்விட்டது. சுமார் 90 டெசிபலை (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு) தாண்டிய கனமான தாழ்ந்த ஒலி வந்தால் மட்டும் பழைய மீன் வேலை அதற்கு நினைவுக்கு வருகிறது. உடல் அசையாமல் நின்றாலும் 'அசைகிறோம்' என்று மூளைக்குத் தகவல் போகிறது. சத்தமான நடன இசையின் சுகம் ஊஞ்சலாடும் சுகத்தின் உறவு என்று டாட், கோடி என்ற ஆய்வாளர்கள் இருவர் 2000-த்தில் வாதிட்டார்கள். எனக்கு அந்த வாதம் பிடித்திருக்கிறது.

இனி கொய்ங். இதற்கு காதுக்குள் போக வேண்டும்.

வெளிக்காது, செவிப்பறை, சுத்தி, பட்டடை, அங்கவடி எல்லாம் பள்ளிப் பாடம், விட்டுவிடுவோம். அங்கவடி எலும்பு தட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் விஷயம். பாடப்புத்தகம் அதை நத்தை என்று சொல்லும். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் சங்கு குளித்தவர்களைப் பார்த்து வளர்ந்த நான் சங்கு என்றே வகுப்பில் சொல்வேன். இரண்டரைச் சுற்று. விரித்துப் போட்டால் 35 மில்லிமீட்டர் நீளம். உள்ளே முழுக்கத் திரவம். நடுவில் வாயிலிருந்து நுனிவரை ஒரு சவ்வு. கீச்சொலிகள் சங்கின் வாய்ப்பக்கம் சவ்வை ஆட்டும், கனத்த ஒலிகள் நுனிப்பக்கம் ஆட்டும். ஆர்மோனியக் கட்டைகளைச் சுருட்டி வைத்தது போல. இதைக் கண்டுபிடித்த பெகெஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர் பார்த்தது இறந்தவர்களின் காதுகளை. அங்கே ஒரு புதிர் இருந்தது. கோயில் மணியைக் கடலுக்குள் முக்கிவிட்டு அடித்துப் பாருங்கள், 'டொக்' என்று அமுங்கிவிடும், ரீங்காரம் நீளாது. தண்ணீர் அதிர்வை விழுங்கிவிடும். நம் காதின் சவ்வும் திரவத்துக்குள்தான் கிடக்கிறது. ஆனால் நாமோ இரண்டு சுருதிக்கு நடுவில் உள்ள மெல்லிய வித்தியாசத்தைக் கூடப் பிரிக்கிறோம், நள்ளிரவில் கொசு வருவதைக் கேட்கிறோம். இது எப்படி? தாமஸ் கோல்ட் என்ற இளைஞர் 1948-இலேயே விடை சொல்லிவிட்டார்: காது வெளியிலிருந்து ஆற்றல் பெற்றால் மட்டும் போதாது, தானும் ஆற்றல் ஊட்ட வேண்டும். ஊஞ்சல் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் யாரோ சரியான நேரத்தில் தள்ளிவிட வேண்டும். அப்படித் தள்ளும் காது சில நேரம் தானே ஒலி எழுப்பவும் வேண்டும் என்றார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1978-இல், டேவிட் கெம்ப் லண்டனில் மனிதக் காதுத் துளைக்குள் சின்ன மைக்கை வைத்து ஒரு 'டிக்' ஒலியை அனுப்பினார். சில மில்லிநொடி கழித்துக் காது திரும்ப ஒலி கொடுத்தது.

தள்ளிவிடுவது யார்? சங்குக்குள் சவ்வின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மயிர்ச்செல்கள். உள்வரிசை ஒன்று, சுமார் 3,500 செல்கள். மூளைக்குச் செய்தி அனுப்புவது இவைதான். வெளிப்பக்கம் மூன்று வரிசை, ஒவ்வொரு காதிலும் சுமார் 12,000 செல்கள். இவை மூளையோடு அதிகம் பேசுவதில்லை. பின் எதற்கு இத்தனை பேர்? ஆடுவதற்கு.

இதை உவமையாகச் சொல்லவில்லை. வெளி வரிசை மயிர்ச்செல் மின்னழுத்தம் மாறினால் நீண்டு சுருங்குகிறது என்று பிரவுனெல் குழு 1985-இல் காட்டியது. இரண்டு ஆண்டு கழித்து ஜொனாதன் ஆஷ்மோர் எடுத்த படத்தை ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன். கினிப்பன்றியின் காதிலிருந்து எடுத்த ஒற்றைச் செல், தலைமுடியின் தடிமன் அளவுதான் நீளம். மெல்லிய கண்ணாடிக் குழாயின் முனையில் தொற்றிக்கொண்டிருக்கிறது. பழைய ராக் அண்ட் ரோல் பாட்டு ஒன்றை மின்சாரமாக்கி அந்தக் குழாய் வழியாக விடுகிறார். செல் அந்தப் பாட்டுக்கு எழும்பி எழும்பி அடங்குகிறது. தாளம் தப்பாமல். பாட்டு நின்றதும் நிற்கிறது. கடைசி பெஞ்சில் இருக்கும் பையன்கூட எழுந்து வந்து திரைக்கு முன்னால் நிற்பான்.

எப்படி ஆடுகிறது என்பதுதான் எனக்கு உயிரான பகுதி. செல்லின் உச்சியில் படிக்கட்டு போல உயரம் கூடிக்கொண்டே போகும் நுண்மயிர்கள். குட்டை மயிரின் நுனியையும் பக்கத்து நெட்டை மயிரையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் இணைக்கிறது. சவ்வு அதிர்ந்து மயிர்கள் நெட்டைப் பக்கம் சாய்ந்தால் நூல் இழுபட்டு ஒரு கதவைத் திறக்கிறது. மேலே உள்ள திரவம் பொட்டாசியம் நிறைந்தது. சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தோடு காத்திருக்கிறது. கதவு திறந்ததும் பொட்டாசியம் உள்ளே பாய்கிறது, செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. செல்லின் பக்கச் சுவர் முழுக்க நெருக்கி அடுக்கிய ஒரு புரதம் இருக்கிறது. பீட்டர் டாலோஸின் ஆய்வகம் 2000-த்தில் அதைக் கண்டுபிடித்து பிரெஸ்டின் என்று பெயர் வைத்தது. இசையில் மிக விரைந்த காலத்துக்குச் சொல்லும் பிரெஸ்டோ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். மின்னழுத்தம் மாறினால் இந்தப் புரதம் வடிவம் மாறும். லட்சக்கணக்கில் ஒன்றாக மாறும்போது செல்லே குட்டையாகிறது. மயிர்கள் திரும்பச் சாய்ந்தால் செல் நீள்கிறது. நூற்றில் நாலு பங்கு அளவுக்குத்தான் மாற்றம், ஆனால் நொடிக்குப் பல்லாயிரம் முறை. நம் உடம்பில் எந்தத் தசையும் இந்த வேகத்தில் சுருங்காது. தசைக்குச் செல்லின் எரிபொருள் வேண்டும். பிரெஸ்டினோ மின்னழுத்தத்தை நேராகவே அசைவாக மாற்றிவிடுகிறது.

இப்படி 12,000 பேர் தாளத்துக்குச் சரியாகச் சவ்வை உதைத்து உதைத்து, மெல்லிய ஒலியின் அசைவை நூறு மடங்குக்கும் மேலாகப் பெருக்குகிறார்கள். சத்தம் கூடக்கூட உதவியைக் குறைத்துக்கொள்கிறார்கள். கொசுவையும் கேட்டு, படகு எஞ்சினையும் தாங்குகிற ஒரே கருவியாகக் காது இருப்பது இவர்களால். பெர்லினில் என் மாணவன் ஆடினான் என்றால், அவனுக்கு முன்னால் அவன் காது ஆடியது.

விடிய விடிய ஆடினால் என்ன ஆகும்? அந்த நூல்கள் அறுகின்றன. செல்கள் வீங்கிச் சோர்கின்றன. இரும்பில் இரும்பு அடிக்கும் திடீர் ஒலிக்கு நடுக்காதின் குட்டித் தசை எலும்பை இழுத்துப் பிடித்துக் காக்கப் பார்க்கும். ஆனால் அது முழுதாகச் செயல்பட நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும், அதற்குள் அடி உள்ளே போய்விடும். ஆடுபவர்கள் ஓய்ந்ததும் கேட்கும் திறன் மங்குகிறது. வர வேண்டிய செய்தி வராததால் மூளை தன் பக்கத்தில் வால்யூமைக் கூட்டுகிறது. காலி வானொலி அலைவரிசையில் வால்யூமைத் திருகினால் இரைவது போல, அந்த இரைச்சல்தான் சில்வண்டு என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அறுந்த நூல்கள் ஓரிரு நாளில் மறுபடி கட்டப்படும். பெரும்பாலும் கொய்ங்கும் அதற்குள் போய்விடும்.

தம்பி, அதோடு நிம்மதியாகிவிடாதே. குஜாவா, லிபர்மன் இருவரும் 2009-இல் எலிகளை 100 டெசிபல் சத்தத்தில் 2 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். கேட்கும் திறன் முழுதாகத் திரும்பியது. ஆனால் சங்குக்குள் சில இடங்களில் செல்லையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகளில் பாதிவரை போய்விட்டன, திரும்பவில்லை. செத்த மயிர்ச்செல்லும் நமக்கு மறுபடி முளைக்காது. வீட்டு முற்றத்தில் மேயும் கோழிக்கு முளைக்கும், 1988-இல் நிரூபித்துவிட்டார்கள். மீனுக்கும் முளைக்கும். பாலூட்டிகளான நாம்தான் அந்த வரத்தை இழந்தவர்கள். கோழியிடம் உள்ள அந்தச் சாவி நம் மரபணுவில் எங்கே பூட்டிக் கிடக்கிறது என்று தேடுவதற்குக் கேட்கும் பணத்தை வீண்செலவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

ஏன் என்றால் என் அப்பா விசைப்படகில் டிரைவராக இருந்தவர். மண்டபம் கரையிலிருந்து இருபத்தெட்டு ஆண்டுகள், டீசல் எஞ்சினுக்கு மேலேயே நின்று ஓட்டினார். கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாது, அதற்கு மீட்டர்கூடத் தேவையில்லை. படகில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். சத்தம் முதலில் தின்பது சங்கின் வாய்ப்பக்கச் செல்களை, 4,000 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 4,000 முறை அதிரும் ஒலியை, ஒட்டிய பகுதியை. உயிரெழுத்து ஒலிகள் தாழ்ந்தவை, அவை தப்பிக்கும். ச, த, ப போன்றவற்றின் கூர்மை போய்விடும். அம்மா "காசு குடுங்க" என்றால் அப்பா "காதுக்கு என்ன?" என்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்போம். அது என்னவென்று புரிந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன்.

எங்கள் பக்கம் காது இரைந்தால் தூரத்தில் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். அல்லது எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவார்கள். அப்பாவுக்கும் ஊற்றினார்கள், பலமுறை. செவிப்பறைக்கு இந்தப் பக்கம் ஊற்றும் எண்ணெய் அந்தப் பக்கச் சங்குக்குப் போகவே போகாது. காலம் போனதுதான் மிச்சம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலோ, இரைச்சல் நாள் கணக்கில் நீடித்தாலோ அதே வாரத்தில் காது மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். சில பாதிப்புகளுக்கு மருந்து வேலை செய்வது தொடக்கத்தில் மட்டும்தான்.

கணக்கு எளிது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். கிளப், கச்சேரி போன்ற இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வைத்த உச்ச வரம்பும் சராசரி 100 டெசிபல்தான். பஞ்சை அடைத்தால் பயன் மிகக் குறைவு. நுரையாலான காதடைப்பானை உருட்டி, காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு விரியும்வரை பிடிக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டாலும் தாழ்ந்த அதிர்வு உடம்பு வழியாக வந்து சேரும், மீன் பை தன் வேலையைச் செய்யும், கால் ஆடும். ஆடுவதை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். ஊர்த் திருவிழாவில் பாக்ஸுக்கு நேர் முன்னால் பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்கவைக்கிறோமே, அதைத்தான் உடனே நிறுத்தச் சொல்வேன். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-த்திலேயே விதி வந்துவிட்டது. அளப்பதற்குத்தான் ஆள் வருவதில்லை. எங்கள் கரையில் எஞ்சினோடு வாழும் ஒருவருக்குக்கூட முறையான காதுப் பரிசோதனை நடந்ததை நான் பார்த்ததில்லை.

கெம்ப் கேட்ட அந்த எதிரொலிதான் இன்று பிறந்த குழந்தையின் காதைச் சோதிக்கும் முறை. போன வருடம் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது பார்த்தேன். தூங்குகிற பிள்ளையின் காதில் விரல்நுனி அளவு முனையை வைத்தார் சோதிக்க வந்த பெண். 'டிக்டிக்' என்று போனது. திரையில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. பிறந்து இரண்டாம் நாள், ஒரு சொல்லும் தெரியாது, காது பதில் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்பாவும் பக்கத்தில் இருந்தார். "இவருக்கும் ஒருதடவை வச்சுப் பாருங்களேன்மா" என்று கேட்டேன். முனையை மாற்றி வலது காதில் வைத்தார், பிறகு இடது. இரண்டிலும் கோடு தரையோடு கிடந்தது. அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெண்ணிடம் கேட்டார்:

"ஆரம்பிச்சாச்சாம்மா?"