செல்: உயிரணுவா, கலமா?

‘உயிரணுவின் அணுக்கருவில் மரபணு இருக்கிறது.’ மொழிபெயர்த்த அறிவியல் கட்டுரைகளில் இந்த மாதிரி வாக்கியத்தை எத்தனை தடவைதான் படிப்பது? ஒரே வரியில் மூன்று அணு. மூன்றில் ஒன்றுகூட அணு இல்லை.

உயிரணு என்று இவர்கள் எழுதும் செல்லுக்கு (cell) மூலம் லத்தீனின் ‘செல்லா’, அதாவது சிற்றறை. துறவியின் அறை, கைதியின் கொட்டடி, தேனடையின் கண் எல்லாம் அந்த வழியில் வந்த பொருள்களே. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் தெரிந்த வெற்று அறைகளுக்கு இந்தப் பெயரை வைத்தார். சரி, வரலாறு இவ்வளவு போதும்.

பழைய வழக்கில் அணு என்பது மிகச் சிறிய எதையும் குறிக்கும், ஆகவே உயிரணு பொருந்தும் என்பார்கள். இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைக்கு அணு என்றால் ‘ஆட்டம்’ (atom) மட்டும்தான். மனித உடலின் ஒரு செல்லுக்குள் ஏறத்தாழ ஒரு கோடி கோடி அணுக்கள் இருக்கின்றன. அந்த மூட்டைக்கே அணு என்று பெயர் வைத்தால் பிள்ளை என்னதான் புரிந்துகொள்ளும்? போதாததற்கு, ‘உயிரணு எண்ணிக்கை குறைவு’ என்றால் ஊரில் எல்லாரும் விந்தணு என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் அந்த அணுக்கரு. பிளந்தால் ஆற்றல் வெளிப்படுகிறதே, அந்த இயற்பியல் சரக்கு அது. செல்லுக்குள் இருப்பது உட்கரு. நியூக்ளியஸ் என்று அகராதியில் தேடி, முதலில் கிடைத்ததை ஒட்டிவிட்டுப் போகிறார் மொழிபெயர்ப்பாளர். இதில் தூய தமிழ் என்று வாதிடுபவர்கள், அணு வடசொல் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

என் ஓட்டு கலத்துக்கு. இலங்கைப் பாடநூல்களில் அதுதான் வழக்கு. கலம் என்றால் எதையாவது தனக்குள் ஏந்தி வைத்திருப்பது: உண்கலம், மரக்கலம். பேட்டரி செல்லை மின்கலம் என்று ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டோம். கலச்சுவர், கலப்பிரிவு என்று மேலே கட்டிக்கொண்டு போகவும் சிரமமில்லை. கண்ணறை என்றும் ஒரு சொல் உண்டு, ஹூக் பார்த்ததற்கு அப்படியே பொருந்தும். ஆனால் ‘கண்ணறைப் பிரிவு’ என்றால் மருத்துவமனையில் கண் வைத்தியம் பார்க்கும் இடம் மாதிரி ஒலிக்கிறது.

கலம் பிடிக்காவிட்டால், தமிழ்நாட்டுப் பாடநூல் போல செல் என்றே எழுதுங்கள், குழப்பமாவது மிஞ்சாது. கைபேசியை மட்டும் ‘செல்லிடப்பேசி’ ஆக்காதீர்கள். அங்கே செல் என்பது ஒரு கோபுரத்தின் அலை எட்டும் பரப்பு. நாம் செல்லும் இடத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.